மாயவரத்தில் டான்ஸ் மிஸ் ஆவது எப்படி?

பரதநாட்டியத்தில் பட்டம் வாங்கியாயிற்று. சலங்கை இருக்கிறது, தட்டுக்கழி இருக்கிறது, நட்டுவாங்கத் தாளம் பைக்குள் இருக்கிறது. சென்னையில் வாடகை கொடுத்து மாளவில்லை. "பேசாம ஊருக்கு வந்து நாலு பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடேன்" என்று அம்மா போனில் சொல்கிறார். நீங்களும் பெட்டியைக் கட்டிவிட்டீர்கள். நல்லது. இனி உங்களுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. மளிகைக் கடைக்காரர் முதல் மகப்பேறு டாக்டர் வரை எல்லாருக்கும் நீங்கள் 'டான்ஸ் மிஸ்'. உங்களுக்குப் பேரன் பிறந்தாலும் மிஸ்தான்.

இந்தப் பதவியில் நிலைத்து நிற்பதற்கான வழிமுறைகள் கீழே. வரிசை தவறாமல் பின்பற்றவும். அடிப்படைப் பாடமான தட்டடவை விட்டுவிட்டு நேரே வர்ணம் என்ற பெரிய உருப்படிக்குத் தாவ நினைப்பவர்கள் பெற்றோராகத்தான் இருக்க வேண்டும். இந்த வழிகாட்டி அவர்களுக்கானது அல்ல.

1. தகுதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்

நன்றாக ஆடத் தெரிந்திருப்பது கூடுதல் தகுதி. கட்டாயமில்லை, ஏனென்றால் இனி நீங்கள் ஆடப்போவதில்லை. மேடையின் நடுவில் நின்றவர் இனி மேடையின் ஓரத்தில் ஜமுக்காளத்தில் உட்காரப்போகிறீர்கள்.

கட்டாயத் தகுதிகள் வேறு. வலது கையால் பலகையில் தட்டுக்கழியைத் தட்ட வேண்டும். வாயால் சொற்கட்டு சொல்ல வேண்டும். கண்ணால் இருபது ஜோடி முழங்கால்களை அளக்க வேண்டும். மூன்றாவது வரிசையில் முன்னால் நிற்பவளின் சடையை இழுக்கும் விரலை, தாளம் விடாமல், புருவத்தாலேயே நிறுத்த வேண்டும். பெரிய ஊர்க் கச்சேரியில் நட்டுவாங்கத்துக்கு ஒருவர், பாட்டுக்கு ஒருவர், மிருதங்கத்துக்கு ஒருவர், வயலினுக்கோ புல்லாங்குழலுக்கோ ஒருவர். இங்கே வகுப்பில் நால்வரும் நீங்களே. தொண்டை கட்டினால் அன்று ஆர்க்கெஸ்ட்ரா முழுவதும் விடுப்பு.

2. இடம் பிடியுங்கள்

மாடிதான் கிடைக்கும். தரைத்தளத்தைத் துணிக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் கொடுப்பார்கள், கலைக்கு மாடி. மாடி பார்க்கப் போகும்போது கீழே யார் குடியிருக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். ஓய்வுபெற்ற அதிகாரி என்றால் உடனே திரும்பிவிடுங்கள். இருபது பிள்ளைகள் மூன்றாம் காலத்தில் தட்டடவு போட்டால் அவர் வீட்டு மின்விசிறி தானாகவே ஆடும். முதல் வாரம் "என்னம்மா, மேலே உரல் இடிக்கிறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். மூன்றாம் வாரம் சிரிக்க மாட்டார்.

அடுத்தது தரை. மரத்தளம் உத்தமம், அது கிடைக்காது. சிமெண்டுத் தரை குதிகாலையும் முழங்காலையும் தின்றுவிடும். டைல்ஸ் பளபளப்பாக இருக்கும். வியர்வை பட்டால் வழுக்கும். வீட்டுக்காரர் "டைல்ஸ் போட்ட ஹால்" என்று பெருமையாகச் சொல்லி ஆயிரம் ரூபாய் கூட்டிக் கேட்பார். உங்களுக்கு அது குறை என்பதை அவருக்குப் புரியவைக்க முயலாதீர்கள். பழைய சிமெண்டுத் தரையாகப் பார்த்து எடுத்து, பிள்ளைகளை ஓங்கித் தட்டாமல் பாதம் பதித்துத் தட்டச் சொல்லிக்கொடுங்கள். அதுதான் சரியான முறையும்கூட.

கல்யாண மண்டபத்தில் நடத்தலாம் என்ற யோசனை வரும். நல்ல யோசனைதான். ஆடியிலும் மார்கழியிலும் உங்கள் பள்ளி அமோகமாக நடக்கும். மற்ற மாதங்களில் முகூர்த்த நாள் பார்த்துப் பாடம் எடுக்க வேண்டும்.

3. பெயர்ப்பலகை மாட்டுங்கள்

பலகையில் ஒரு நடராஜர் இருக்க வேண்டும். பள்ளியின் பெயர் 'ஆலயா' என்று முடிய வேண்டும். இரண்டையும்விட முக்கியம், எங்காவது 'சென்னை' என்ற சொல் இருக்க வேண்டும். 'சென்னையில் பயின்றவர்' என்று சிவப்பு எழுத்தில் போட்டால் சேர்க்கை கூடும்.

ஊர் வரலாறு தெரிந்தவராக இருந்தால் இந்த இடத்தில் கை கொஞ்சம் நடுங்கும். மாயவரத்துக்குப் பக்கத்தில்தான் திருவாளப்புத்தூர். அந்த ஊர்க் கல்யாணி அம்மாளின் மகள்கள் ராஜலட்சுமியும் ஜீவரத்தினமும் 1931இல் சென்னை மியூசிக் அகாடமி மேடையில் ஆடிய பிறகுதான் பட்டணத்துப் பெரிய மனிதர்கள் அன்று சதிர் என்றழைக்கப்பட்ட இந்த ஆட்டத்தைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1936இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கிய ருக்மிணி தேவிக்கும் அவர்தான் ஆசான். பந்தணைநல்லூர் இங்கிருந்து டவுன் பஸ்ஸில் போய் வரும் தூரம். இன்னொரு பக்கம் வழுவூர், ராமையா பிள்ளையின் ஊர். அவரிடம் பயின்று 1947இல் 'நாம் இருவர்' படத்தில் ஆடி நாடெங்கும் பெண் பிள்ளைகளைச் சலங்கை கேட்டு அடம்பிடிக்க வைத்த குமாரி கமலா, பிறந்ததே மாயவரத்தில்.

சுருக்கமாகச் சொன்னால் பந்தணைநல்லூர் பாணி, வழுவூர் பாணி என்று உலகம் முழுவதும் சொல்லிக்கொள்வது உங்கள் மாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள ஊர்களைத்தான். இதையெல்லாம் பலகையில் எழுதலாம். எழுதினால், "வழுவூரா? அங்க என்னம்மா இருக்கு? சென்னையில எந்த ஏரியாவுல கத்துக்கிட்டீங்க?" என்று கேட்பார்கள். எனவே 'சென்னை' என்றே போடுங்கள். சரக்கு இங்கிருந்து போனதுதான். முத்திரை அங்கே குத்தியிருந்தால்தான் இங்கே விலைபோகும்.

4. விஜயதசமியன்று சேர்க்கை நடத்துங்கள்

மற்ற நாட்களில் யாரும் வர மாட்டார்கள். விஜயதசமியன்று ஊரே வரும். தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், தட்சிணையோடு வரிசை கட்டி நிற்பார்கள். தட்டுக்கழிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தட்டிக் கும்பிடச் சொல்லிக்கொடுத்து, 'தையா தை' என்று நாலு தட்டு தட்டவைத்து அனுப்புங்கள். அன்றைக்குச் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் தீபாவளிக்குள் காணாமல் போவார்கள். அதற்காக வருந்த வேண்டாம். அவர்கள் சாஸ்திரத்துக்காக வந்தவர்கள், சாஸ்திரம் முடிந்துவிட்டது.

பெற்றோர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தயாராக இருக்கட்டும்.

"மிஸ், எத்தனை மாசத்துல அரங்கேற்றம் பண்ணிடலாம்?" என்று கேட்டால், வருடம் என்ற சொல்லைத் தவிர்க்கவும். "பிள்ளையோட உழைப்பைப் பொறுத்துங்க" என்று சொல்லி, பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கவும். பழி பாதியாகக் குறையும்.

"இவ எந்நேரமும் போனைப் பார்க்குறா, அதான் கொண்டாந்து விடலாம்னு" என்றால், "நல்ல காரியம் பண்ணீங்க" என்று சொல்லவும். ஆறு மாதத்துக்குள் அவள் போனில் நாட்டிய வீடியோ பார்ப்பாள். போன் மாறாது.

"இந்த மாதிரி ஆடினா உடம்பு குறையுமா?" என்று அம்மா கேட்டால், அது மகளுக்காகக் கேட்டதல்ல என்று புரிந்துகொண்டு, பெரியவர்களுக்குத் தனி வகுப்பு உண்டு என்று தெரிவிக்கவும்.

மூலையில் நாற்காலியில் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். "எங்க காலத்துல குடும்பத்துப் பொண்ணுங்க சதிர்னு வாயால சொன்னாலே அடி விழும்" என்பார். அவர் சொல்வது உண்மை. கோயிலிலும் சபையிலும் தலைமுறை தலைமுறையாக ஆடி இந்தக் கலையைக் காப்பாற்றிக் கொடுத்த குடும்பங்களை ஊர் என்னவெல்லாம் சொன்னது என்று அவருக்குத் தெரியும். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் வந்தது. ஒரு கொடுமை ஒழிந்தது. கூடவே, ஏச்சுக்கு அஞ்சி எத்தனையோ வீடுகளில் சலங்கையும் பரணுக்குப் போனது. ஆட்டம் வேறு வீடுகளுக்குக் குடிமாறி, மரியாதை சம்பாதித்து, இப்போது அந்தப் பாட்டியின் பேத்தி வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. பாட்டியோடு வாதாடாதீர்கள். அரங்கேற்றத்துக்கு முதல் ஆளாகப் பட்டுப்புடவை எடுக்கப்போவது அவர்தான்.

தங்கையைக் கொண்டுவந்து விட வரும் அண்ணன் ஒருவன் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பான். கொஞ்ச நாளில் அவன் கால் தானாகத் தட்டும். விடாதீர்கள், உள்ளே இழுத்துப் போடுங்கள். "பையனுக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்று அவன் மாமா கேட்டால், மேலே சொன்ன பந்தணைநல்லூராரும் வழுவூராரும் மீசை முளைக்கும் ஆண்பிள்ளைகள்தான் என்று நினைவூட்டுங்கள். மாமா ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் சிவராத்திரிக்கு உங்களுக்கு ஒரு சிவன் கிடைத்துவிடுவான்.

5. முதல் ஆறு மாதத்தைக் கடத்துங்கள்

இது கடினமான கட்டம். பிள்ளைகளுக்கல்ல, வாசலில் செருப்பைக் கழற்றாமல் நிற்கும் பெற்றோருக்கு. அவர்கள் எதிர்பார்ப்பது கண்ணை உருட்டிக் கழுத்தை வெட்டும் ஆட்டம். நீங்கள் தரப்போவது அரைமண்டி. முதுகை நிமிர்த்தி, குதிகால்களைச் சேர்த்து, முழங்கால்களைப் பக்கவாட்டில் விரித்து உட்கார்ந்தும் உட்காராமலும் நிற்கும் அந்த நிலையில்தான் எல்லாம் இருக்கிறது. முழங்கால், கால்விரல் நுனி போகும் திசையிலேயே போக வேண்டும். விரிவு இடுப்பிலிருந்து வர வேண்டும். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று காலை மட்டும் முறுக்கிவைத்தால் முப்பது வயதில் பிள்ளை எலும்பு டாக்டரிடம் போய் நிற்பாள். இது வேடிக்கைக்குச் சொன்னதல்ல. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வரியைச் சுவரில் எழுதி ஒட்டுவதென்றால் இதை ஒட்டுங்கள்.

அரைமண்டியில் நின்றபடி தட்டடவு. எட்டு வகை, ஒவ்வொன்றும் மூன்று காலம். இரண்டாவது மாதம் ஒரு அப்பா வருவார். "மிஸ், இன்னும் தையா தைதானா? பக்கத்து வீட்டுப் பிள்ளை வேற ஒரு இடத்துல போன மாசம்தான் சேர்ந்துச்சு, இப்ப பாட்டுக்கே ஆடுது." மனம் தளர வேண்டாம். இதற்குக் கைவசம் ஒரு வழி உண்டு, உண்மையாகவே கைதான். வாரம் ஒரு முத்திரை சொல்லிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். ஒற்றைக் கை முத்திரைகளே இருபத்தெட்டு இருக்கின்றன, ஆறு மாதத்துக்குத் தாராளமாகப் போதும். மோதிர விரலைக் கட்டை விரலோடு சேர்த்து மற்றவற்றை நீட்டினால் மயூரம். அம்மன் மயிலாக வந்து பூசித்த ஊரில், மயூரநாதர் கோயில் நிழலில், பிள்ளை வீட்டுக்குப் போய் விரலால் ஒரு மயிலைக் காட்டினால் தாத்தா உருகிவிடுவார். அடுத்த வாரம் இரண்டு கையையும் அடுக்கிக் கட்டை விரல்களை அசைத்து மீன். மயிலும் மீனும் கிடைத்த வீட்டில் மூன்று மாதத்துக்குக் கேள்வி வராது. அந்த மூன்று மாதத்தில் நீங்கள் நாட்டடவை முடித்துவிடலாம்.

6. கட்டணம் வாங்குங்கள்

முடிந்தால்.

வழிகாட்டியின் மிக நீளமான பகுதியாக இது இருந்திருக்க வேண்டும். கூச்சத்தால் சுருக்கமாக இருக்கிறது. இந்தக் கூச்சம்தான் உங்கள் தொழிலின் முதல் எதிரி. கணக்கு ட்யூஷன் வாத்தியாருக்கு மாதம் பிறக்கும் முன்பே பணம் போய்விடும். நீட் பயிற்சிக்கு இரண்டு வருடப் பணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டு ரசீதை பீரோவில் பூட்டிவைப்பார்கள். உங்களுக்கு மட்டும் பணம் கேட்டால், "கலைங்கிறது விக்கிற பொருளா மிஸ்?" என்று தத்துவம் பிறக்கும். வீட்டுக்காரரிடம் இந்தத் தத்துவத்தைச் சொல்லி வாடகையைத் தள்ளிப்போட முயன்று பாருங்கள்.

வழக்கமாக வரும் காரணங்கள்: பாப்பா இந்த மாதம் இரண்டு வாரம்தான் வந்தாள். ஜிபே சர்வர் வேலை செய்யவில்லை. அவங்க அப்பா போட்டுவிட்டேன் என்றாரே. இரண்டு பிள்ளைகள் வருகிறார்களே, ஒன்றுக்கு மட்டும் வாங்கக் கூடாதா? கடைசியாக, மிக நாகரிகமாக, "நீங்க எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி." வீட்டுப் பெண்ணுக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா?

கூச்சம் வரும்போதெல்லாம் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். ராஜராஜன் கோயிலில் ஆட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை ஊர் ஊராக வரவழைத்துத் தஞ்சையில் குடிவைத்தான். ஆளுக்கு ஒரு வீடு, ஆண்டுக்கு நூறு கலம் நெல். யார், எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்பது வரை கல்லில் வெட்டிவைத்தான். ஆடுபவருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை மதிலில் எழுதிவைக்க அரசனே கூச்சப்படவில்லை. நீங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதுவதற்கு ஏன் கூச்சப்பட வேண்டும்? ஐந்தாம் தேதி காலை ஒரு வரி போடுங்கள். பூப்போட்ட 'இனிய காலை வணக்கம்' படத்துக்குக் கீழே போட வேண்டாம்; அந்தப் படத்துக்குக் கைகூப்பிவிட்டுப் போய்விடுவார்கள்.

7. ஆண்டு விழாவைச் சமாளியுங்கள்

ஜனவரி பிறந்தால் தனியார் பள்ளி ஒன்றிலிருந்து அழைப்பு வரும். "மிஸ், ஒரு வரவேற்பு நடனம் வேணும். நாப்பது பிள்ளைங்க. பத்து நாள்ல விழா. எல்லாப் பிள்ளையும் முன்வரிசையில நிக்கணும், பேரண்ட்ஸ் கேக்குறாங்க." நாற்பது பேரும் முன்வரிசையில் நிற்க மேடை காவிரிப் பாலம் நீளத்துக்கு வேண்டும். "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு, பாட்டின் ஒவ்வொரு பல்லவிக்கும் வரிசையை மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் அரை நிமிடம் முன்னால் இருப்பாள். அந்த அரை நிமிடத்தில் அவள் அப்பா போனைத் திறந்திருக்க வேண்டும். அது உங்கள் பொறுப்பல்ல.

பாட்டை முதல்வர் தேர்ந்தெடுப்பார். அது சினிமாப் பாட்டாக இருக்கும். முழுக்க மறுத்தால் அடுத்த வருடம் கூப்பிட மாட்டார்கள். முழுக்க ஒத்துக்கொண்டால் இரவில் தூக்கம் வராது. நடுவழி உண்டு. பாட்டு அவர்களுடையது, அடவு உங்களுடையது. அடியில் ஓடுவது தீர்மான அடவு என்று முதல்வருக்குத் தெரியாது. பிள்ளையின் காலுக்குத் தெரியும்.

சிறப்பு விருந்தினர் ஐந்து மணிக்கு என்றால் ஏழு மணிக்கு வருவார். அதற்குள் கன்னத்தில் பூசியது கரைந்து, நாற்பதில் பத்துப் பேர் தூங்கி, ஒருத்தி சாம்பார் சாதம் சாப்பிட்டு உதட்டுச்சாயத்தைக் காலி செய்திருப்பாள். பாட்டைப் பென் டிரைவில் ஒன்று, போனில் ஒன்று என வைத்திருங்கள். இரண்டும் ஓடாது. மூன்றாவதாக உங்கள் தொண்டை தயாராக இருக்கட்டும். கடைசியில் உங்களுக்கு ஒரு பொன்னாடை போர்த்துவார்கள். பணம் கேட்டால், "பிள்ளைங்களுக்கு ஒரு மேடை கிடைச்சுதே மிஸ்" என்பார்கள். பொன்னாடைகளைப் பத்திரமாக மடித்து வையுங்கள். இருபது சேர்ந்தால் ஒப்பனை அறைக்குத் திரைச்சீலை தைக்கலாம்.

8. ஊக்கு வாங்கிக் குவியுங்கள்

நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, ஜடை, குஞ்சலம், ஒட்டியாணம், வங்கி. இவற்றில் ஒன்று எப்போதும் காணாமல் போயிருக்கும். நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகைகளைக் கையால் செய்கிறார்கள். வாங்க முடிந்த பெற்றோர் வாங்கட்டும். மற்றவர்களுக்கு வாடகைச் செட்டே போதும், பதினைந்தாவது வரிசையிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். உங்கள் ஆடிட்டோரியத்தில் வரிசைகள் பத்துதான் என்பது வேறு விஷயம்.

விசிறி மடிப்பு வைத்துத் தைக்கத் தெரிந்த டெய்லரை உயிர்போல் காப்பாற்றுங்கள். தீபாவளிக்கு அவருக்கு முதலில் பலகாரம் போக வேண்டும். விழாவுக்கு முதல் நாள் இரவு அவர் கையில்தான் உங்கள் மானம் இருக்கிறது. பாப் கட்டிங் வெட்டிக்கொண்டு வந்த பிள்ளைக்குச் சவுரி வைத்துப் பின்னும்போது அவள் அம்மாவைத் திட்டாதீர்கள். வாயில் ஏழு ஊக்குகள் இருக்கின்றன.

9. சிவராத்திரியன்று விழித்திருங்கள்

சிதம்பரத்தில் 1981இல் சிவராத்திரி நாட்டியாஞ்சலி விழா தொடங்கியது. பிறகு அது ஊர் ஊராகப் பரவி, மாயவரத்தில் மயூர நாட்டியாஞ்சலியாகவும் நடக்கிறது. உங்களுக்கு ஒதுக்கப்படும் நேரம் பதினைந்து நிமிடம். கடிகாரத்தில் அது இரவு ஒன்றரை மணிக்கு இருக்கும். நல்ல நேரமெல்லாம் வெளியூர்க் குழுக்களுக்கு. உள்ளூர் என்றால் நடந்து வந்துவிடலாம் அல்லவா?

இதில் ஒரு நன்மை இருக்கிறது. ஒன்றரை மணிக்கு அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் யாரும் உங்கள் மாணவிகளின் உறவினர்கள் அல்ல. விடிய விடியத் தூங்குவதில்லை என்று விரதம் இருப்பவர்கள். எழுந்து போக மாட்டார்கள், போனைப் பார்க்க மாட்டார்கள். பிரகாரத்துக் கல்தரையில் பிள்ளைகள் அரைமண்டியில் இறங்கும்போது, வயலில் நாற்றுப் பறித்துவிட்டு வந்த ஒரு அம்மாள் தூணோரம் சாய்ந்து, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு பார்ப்பார். அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். பக்கத்தில் பந்தணைநல்லூர், வழுவூர், திருவாளப்புத்தூர் எல்லாம் இருக்கின்றன. ஆண்டு முழுவதும் நீங்கள் ஆடவைக்கும் மேடைகளில் உண்மையான சபை இது ஒன்றுதான். திரும்பி வரும் வேனில் இட்லிப் பொட்டலமும் இருமல் மருந்தும் எடுத்து வையுங்கள்.

10. அரங்கேற்றத்தைக் குறைக்காதீர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை அரண்மனையில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள் கச்சேரிக்கு ஒரு வரிசை வகுத்துக் கொடுத்தார்கள். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், ஜாவளி, தில்லானா. இந்த வரிசைக்கு மார்க்கம் என்று பெயர். இன்று சிட்னியில் அரங்கேற்றம் நடந்தாலும் பெரும்பாலும் இதுதான் வரிசை. மாயவரத்தில் மட்டும் இதில் திருத்தம் கேட்பார்கள்.

"அந்த நடுவுல நீளமா ஒண்ணு வருதே மிஸ், அதைக் கொஞ்சம் கட் பண்ணிக்கலாமா? எட்டரைக்கெல்லாம் பந்தி போடணும்." அவர் சொல்வது வர்ணத்தை. அரை மணிக்கு மேல் ஓடும். ஜதியும் அபிநயமும் மாறி மாறி வந்து, பிள்ளைக்கு மூச்சும் ஞாபகமும் மனசும் எவ்வளவு என்று அளந்துகாட்டும் இடம் அதுதான். ஏழு வருடப் பாடம் அந்த அரை மணியில் இருக்கிறது. சாம்பார் ஆறினால் சூடு பண்ணிக்கொள்ளலாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். அப்பா முகம் சுளித்தால் சமையற்காரரிடம் நேரடியாகப் பேசிக்கொள்ளுங்கள். அவர் கலைஞர், அவருக்குப் புரியும்.

பேச்சாளர்கள் தேவை. பிள்ளை உடை மாற்றும் நேரத்தை நிரப்ப அவர்களை விட்டால் வேறு ஆள் இல்லை. உடை மாற்றப் பதினைந்து நிமிடம் போதும். பேச்சாளர் அதற்குள் தன் பள்ளிப்பருவத்தை முடித்திருக்க மாட்டார். மைக்காரரிடம் முன்கூட்டியே ஒரு சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள். அபிநயம் கற்றவருக்கு இதுகூடத் தெரியாதா?

11. பத்தாம் வகுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்

இதற்கு வழிமுறை எதுவும் இல்லை. எட்டாம் வகுப்பில் அரைமண்டி நிற்கிறது, ஒன்பதாம் வகுப்பில் முகத்தில் பாவம் வருகிறது, பத்தாம் வகுப்பில் பிள்ளை வருவதில்லை. "பப்ளிக் எக்ஸாம் முடியட்டும் மிஸ்" என்பார்கள். அது முடிந்தால் பதினொன்று, பிறகு பன்னிரண்டு, பிறகு கவுன்சலிங். சிவனாக நின்ற பையன் பாலிடெக்னிக்குக்குப் போய்விடுவான். தினம் ஒரு மணி நேரம் ஆடுகிற பிள்ளை மதிப்பெண்ணில் குறைந்துபோவாள் என்பதற்கு யாரிடமும் ஆதாரம் கிடையாது. நம்பிக்கை எல்லாரிடமும் உண்டு.

நீங்கள் செய்யக்கூடியது, அடுத்த விஜயதசமிக்குத் தட்டுக்கழியைத் துடைத்து வைப்பது. போனவர்களில் ஒருத்தி பல வருடம் கழித்து ஒரு சின்னப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி வருவாள். "இவளுக்குச் சொல்லிக்கொடுங்க மிஸ்" என்பாள். அவளிடம் முன்பணம் வாங்கிவிடுங்கள். காரணம் கேட்க மாட்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

இந்தக் கட்டுரை மிஸ்களுக்கு எழுதப்பட்டது. நீங்களும் படித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்று தெரியும். சென்னைக்கும் சிட்னிக்கும் போன ஆட்டம் உங்கள் வட்டாரத்திலிருந்து புறப்பட்டது. அதை மறுபடியும் இந்த மண்ணில் ஊன்றப் பார்ப்பது, மருந்துக்கடை மாடியில் தொண்டை கட்டிப்போய் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு பெண்தான். அவருக்குப் பொன்னாடை வேண்டாம், சிலை வேண்டாம். தட்டடவு முடியும்வரை பொறுமையாக இருங்கள். பத்தாம் வகுப்பிலும் வாரம் ஒரு நாளாவது பிள்ளையை அனுப்புங்கள். வர்ணம் முடியும்வரை பந்திக்கு எழுந்து போகாதீர்கள். ஐந்தாம் தேதிக்குள் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். இன்று தேதி என்ன என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.